வாளி வந்தது, நோயாளி வரவில்லை

இந்தியப் பொதுவெளியில் செலவே இல்லாமல் புழங்கும் சொல் ஒன்று உண்டு: விழிப்புணர்வு. நடைப்பயணம் போனால் விழிப்புணர்வு, மெழுகுவர்த்தி ஏந்தினால் விழிப்புணர்வு, தலையில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டால் அதுவும் விழிப்புணர்வு. யார் எதைக் குறித்து விழித்தார்கள், விழித்தபின் என்ன செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஐஸ் பக்கெட் சவாலைப் பற்றிப் பத்தாண்டுகள் கடந்தும் இங்கு இரண்டே கருத்துகள் உலவுகின்றன. மகத்தான மனிதநேய அலை என்பது ஒன்று. தண்ணீரை வீணாக்கிய பணக்காரக் கூத்து என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இரண்டு தரப்பும் வாளியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. எந்த நோயின் பெயரால் அந்த வாளி தூக்கப்பட்டதோ அந்த நோயோடு படுத்திருப்பவரை இரண்டுமே பார்க்கவில்லை.

அமெரிக்காவில் நடந்ததை முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். குளிர்நீர்ச் சவால் என்ற விளையாட்டு முன்பே இருந்தது. பங்கேற்பவர் தமக்குப் பிடித்த அறப்பணிக்குப் பணம் கொடுப்பார். அதற்கு எந்த நோயோடும் உறவில்லை. 2014 ஜூலையில் ஃபுளோரிடாவின் கோல்ஃப் வீரர் ஒருவர் நியூயார்க் மாநிலத்தில் இருந்த தம் மனைவியின் உறவினரைச் சவாலுக்கு அழைத்தார். அந்தப் பெண்ணின் கணவர் ஆந்தனி செனெர்கியா பல்லாண்டுகளாக ஏ.எல்.எஸ். நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தவர். அங்கிருந்து அதே நோய் கண்ட பாட் குயின் என்பவரிடமும், பாஸ்டன் கல்லூரி பேஸ்பால் அணியின் முன்னாள் தலைவர் பீட் ஃபிரேட்ஸிடமும் சங்கிலி போய்ச் சேர்ந்தது. ஃபிரேட்ஸின் விளையாட்டு நண்பர்கள் வட்டம் பெரிது. அதன் வழியே அது நாடெங்கும் பரவியது. மூவரும் நோயாளிகள். மூவரும் இன்று இல்லை. செனெர்கியா 2017-இலும், ஃபிரேட்ஸ் 2019-இலும், குயின் 2020-இலும் மறைந்தனர்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, அந்த மூவரும் கையேந்தி நிற்பவர்களாகத் தோன்றவில்லை என்பதே. அவர்கள் சவால் விட்டவர்கள். ஊரையும் நண்பர்களையும் பெயர் சொல்லி அழைத்தவர்கள். நனைந்து நடுங்கிக் கேலிக்கு ஆளானவர் கொடுப்பவர்தான். கொடையின் வரலாற்றில் இஃது அரிய ஏற்பாடு. வழக்கமாகக் கூச வேண்டியவர் வாங்குபவராகவே இருப்பார்.

அக்கோடையில் 1 கோடியே 70 லட்சம் காணொளிகள் ஃபேஸ்புக்கில் ஏறின. 44 கோடிப் பேர் அவற்றைப் பார்த்தனர். ஏ.எல்.எஸ். சங்கம் என்ற அமெரிக்க அமைப்புக்கு எட்டே வாரங்களில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் எங்கே போனது என்பதை அச்சங்கம் கணக்காக வெளியிட்டது: ஏறத்தாழ 7.7 கோடி ஆராய்ச்சிக்கு, 2.3 கோடி நோயாளர் சேவைக்கு, எஞ்சியது கல்விக்கும் நிதி திரட்டலுக்கும் பணம் கைமாறும் கட்டணங்களுக்கும். சவாலின் விதியோ எளிது. 24 மணி நேரத்துக்குள் நனைய வேண்டும். மறுத்தால் 100 டாலர் தர வேண்டும். பலர் நனையவும் செய்தனர், தரவும் செய்தனர்.

இந்த இடத்தில் அறிவாளிகளின் ஏளனம் தொடங்கியது. பணம் தருவதைத் தண்டனையாக்கும் விளையாட்டு எப்படி அறமாகும் என்றனர் சிலர். ஒரு நோய்க்குப் போகும் கொடை மற்ற நோய்களின் பங்கைத் தின்றுவிடும் என்று ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி வில்லியம் மக்காஸ்கில் எழுதினார். அதே ஆண்டு வெளிவந்த, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்று, பிறர் பார்க்க அடையாள ஆதரவு காட்டுபவர் பின்னர் உண்மையான உதவி கேட்கும்போது அதிகம் தருவதில்லை என்று கண்டது. இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல. எனினும் குறிப்பிட்ட இந்த நிகழ்வின் கணக்கு அவற்றுக்கு எதிராகவே நிற்கிறது. பணம் வந்தது, வந்த பணம் ஆய்வுக்கூடங்களுக்குப் போனது. அதில் ஒரு பங்கைப் பெற்ற 'புராஜெக்ட் மைன்' என்ற பன்னாட்டு மரபணு ஆய்வில் 11 நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து உழைத்து, என்.இ.கே.1 என்ற மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 2016-இல் வெளியிட்டனர். நோயாளிகளில் சுமார் 3 சதவீதத்தினரிடம் அதன் மாற்றங்கள் காணப்படுகின்றன.

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நேர்மையாகாது. அதே நிதியிலிருந்து 22 லட்சம் டாலர் பெற்று வளர்ந்த மருந்தொன்று 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரெலிவ்ரியோ என்பது அதன் வணிகப் பெயர். ஓராண்டுச் செலவு சுமார் 1,58,000 டாலர். 2024 மார்ச்சில் பெரிய அளவிலான சோதனையில் அது பயனற்றது என்று தெரிந்தது. அடுத்த மாதமே நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. அறிவியல் இப்படித்தான் நடக்கும். தோற்ற மருந்துக்கும் யாரோ பணம் கொடுத்தாக வேண்டும். ஆக, வாளியை வெறும் கூத்து என்றவர்கள் அமெரிக்காவைப் பொறுத்தவரை தோற்றுவிட்டார்கள்.

இந்தியாவுக்கு வந்தது இந்தச் சங்கிலியின் எந்தப் பகுதி என்பதே அடுத்த கேள்வி. நோயாளியின் பெயர் வரவில்லை. பணம் சேர வேண்டிய முகவரி வரவில்லை. கணக்குக் காட்டும் அமைப்பு வரவில்லை. வாளி மட்டும் வந்தது. இந்தித் திரை நடிகர்களும் விளையாட்டு நட்சத்திரங்களும் தோட்டத்தில் நின்று நனைந்தார்கள், அடுத்து மூவரின் பெயரைச் சொன்னார்கள், சிரித்தார்கள். அந்த மூன்றெழுத்துச் சுருக்கத்தை உச்சரித்தவர்களே அவர்களில் குறைவு. இந்தியாவில் அந்த நோயோடு வாழும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் அரிதினும் அரிது. விதை நீக்கிய பழத்தைப் போன்ற இறக்குமதி அது. இனிப்பு இருந்தது, முளைக்க ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் இயக்க நரம்பணு நோய்கள் இந்தியாவுக்கு அந்நியமானவை அல்ல. உலக நரம்பியல் நூல்களில் ஒரு நோய்க்குச் சென்னையின் பழைய பெயரே இடப்பட்டிருக்கிறது. இளம் வயதில் கைகால் மெலிந்து, முகமும் தொண்டையும் தளர்ந்து, பலருக்குக் காதும் கேளாமல் போய், மெல்ல மெல்ல நகரும் அந்நோயை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் விவரித்தனர். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று அது இன்றும் வழங்குகிறது. ஒரே ஒரு கையோ காலோ மட்டும் மெலியும் வகையை பெங்களூரு நிம்ஹான்ஸில் கௌரிதேவி குழுவினர் 1984-இல் பதிவு செய்தனர். நுண்கருவிகள் பெருகாத காலத்தில், புறநோயாளர் வரிசையில் வந்து நின்றவரைக் கூர்ந்து பார்த்து எழுதப்பட்ட மருத்துவம் இது. வாளி தூக்கியவர்களில் ஒருவராவது இந்த வரலாற்றின் பக்கம் திரும்பியிருந்தால், இறக்குமதி விளையாட்டு உள்ளூர் வேர் பிடித்திருக்கும். திரும்பவில்லை.

மாறாக, இந்தியா கண்டுபிடித்த 'திருத்தம்' வேறு. அதே ஆகஸ்டில் ஹைதராபாத்தில் மஞ்சுலதா கலாநிதி என்ற பத்திரிகையாளர் அரிசி வாளிச் சவாலைத் தொடங்கினார். ஒரு வாளி அரிசியை அருகிலுள்ள ஏழை ஒருவருக்குக் கொடுத்து, அதைப் படமெடுத்து, ஃபேஸ்புக்கில் இட வேண்டும். தண்ணீருக்குத் தவிக்கும் நாட்டில் ஐஸ் வாளி எதற்கு, பசிக்கும் வயிற்றுக்கு அரிசி கொடுப்பதல்லவா இந்திய மரபு என்ற நியாயம் உடனே எடுபட்டது. வெளிநாட்டு ஊடகங்களும் புகழ்ந்தன. தொடங்கியவரின் நல்லெண்ணத்தை ஐயுறக் காரணம் எதுவுமில்லை. ஐயுற வேண்டியது, அந்த ஏற்பாட்டை இன்றளவும் மேலான மாற்றாகக் கொண்டாடும் மனப்பாங்கைத்தான்.

முதலாவது, அது ஒரு நோயைப் பற்றிய பேச்சிலிருந்து நோயையே அழித்தது. ஏ.எல்.எஸ். என்றால் என்ன என்று கேட்க வாய்ப்பிருந்த ஒரு மாதத்தில் பேச்சு அரிசிக்குத் திரும்பியது. அதே மாதம் மம்மூட்டி மரம் நடும் சவாலைத் தொடங்கி விஜய்யையும் சூர்யாவையும் ஷாருக் கானையும் அழைத்தார். மரம் நல்லது, நட்டவர்கள் நலமாக இருக்கட்டும். ஆனால் நரம்பணு சாகும் நோய்க்கும் மரக்கன்றுக்கும் என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. சவால் என்ற வடிவமே பொருளாகி, எதை வேண்டுமானாலும் அதில் ஊற்றலாம் என்றாகிவிட்டது. இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2025-இல் தென் கரோலினாப் பல்கலைக்கழக மாணவர்கள் அதே வாளியை மனநலத்துக்காகத் தூக்கியபோது, அதை முன்பு தூக்கியது எதற்காக என்று அறியாத தலைமுறை ஒன்று நனைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊரகத்தில் 75 சதவீதம் வரையும் நகரத்தில் 50 சதவீதம் வரையும் மக்களுக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அரிசியானால் கிலோ 3 ரூபாய் என்பது சட்டபூர்வ உரிமையாயிற்று. 2001 முதல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த உணவுரிமை வழக்கும், ஊர் ஊராக நடந்த போராட்டங்களும் ஈன்ற உரிமை அது. 2014 ஆகஸ்டில் பல மாநிலங்கள் அச்சட்டத்தை இன்னும் நடைமுறைப்படுத்தாமல் தவணை பெற்றுக்கொண்டிருந்தன. சரியாக அந்த வேளையில், அரிசியை மீண்டும் பிச்சையாக்கி, வாளியில் அளந்து, வாங்குபவரின் முகத்தையும் படத்தில் நிறுத்தியது நடுத்தர வர்க்கம். 'உங்கள் மாநிலத்தில் ஏன் அட்டை வரவில்லை' என்று அமைச்சரைச் சவாலுக்கு அழைத்திருக்கலாம். அப்படி ஒரு சவால் பரவவில்லை. அதில் படமெடுக்க ஏழை வேண்டியதில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஐஸ் வாளியில் கொடுப்பவர் நடுங்கினார். அரிசி வாளியில் கொடுப்பவர் புன்னகைத்தார். வாங்குபவர் கேமராவைப் பார்த்து நின்றார். எது இந்திய மரபு என்று பெருமை பேசுபவர்கள் இந்த வேறுபாட்டை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற பேச்சும் இங்கேதான் புழங்குகிறது.

பரவும் இரக்கம் இப்போது தனிமனிதரின் பொழுதுபோக்காக மட்டும் இல்லை. அரசின் கொள்கைக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயும் இயக்க நரம்பணுக்கள் சாகும் நோயே, குழந்தைகளைத் தாக்குவது. அதற்கான சோல்கென்ஸ்மா என்ற ஒற்றை ஊசியின் விலை இந்தியப் பணத்தில் சுமார் 16 கோடி. 2021-இல் மும்பையில் ஒரு குழந்தைக்காக அத்தொகை மக்களிடம் திரட்டப்பட்டது. மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு கேரளத்தில் இன்னொரு குழந்தைக்குச் சில நாள்களில் 40 கோடிக்கு மேல் குவிந்தது, தேவையைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாக. கொடுத்தவர்கள் பெரும்பாலும் எளியவர்கள்; அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காணொளியில் முகம் எடுபடாத குழந்தைக்கு, மொழி தெரியாத பெற்றோருக்கு, ஊருக்கு வெளியே வாழும் குடும்பத்துக்கு அந்தச் சில நாள்கள் வாய்ப்பதில்லை. இந்நிலையில் அரசு செய்தது என்ன? 2021-இல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, மிக அதிக செலவு பிடிக்கும் நோய்களுக்கு மக்கள் நன்கொடை தர ஓர் இணையதளத்தை முன்மொழிந்தது. அதே ஆண்டு அது தொடங்கவும் பட்டது. அடுத்த ஆண்டு உதவி உச்சவரம்பு 50 லட்சமாக உயர்ந்தது. 16 கோடியின் முன் அது எங்கே நிற்கும் என்பதைக் கணக்குப் போட வேண்டியதில்லை. உண்டியலைக் குலுக்கும் வேலையை அரசே எடுத்துக்கொண்டால் வரி எதற்கு என்ற கேள்வி எழுகிறது.

விலையை உண்மையில் உடைத்தது எது என்பதற்கும் சான்று வந்துவிட்டது. அதே எஸ்.எம்.ஏ. நோய்க்கு வாய்வழி தரும் ரிஸ்டிப்ளாம் மருந்தை ரோஷ் நிறுவனம் குப்பி ஒன்று சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றுவந்தது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதன் பொதுப்பெயர் வடிவத்தைக் கொண்டுவர முயன்றபோது காப்புரிமை வழக்கு நடந்தது. 2025-இல் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய். எத்தனை கோடிக் காணொளிகள் பார்க்கப்பட்டாலும் இறங்காத விலை, காப்புரிமைச் சட்டத்தின் சில பிரிவுகளால் இறங்கியது. அந்த வழக்கின் ஆவணங்களைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர், அழும் குழந்தையின் படத்தைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்?

மீண்டும் ஏ.எல்.எஸ். நோயாளியிடம் வருவோம். அவர் பெரும்பாலும் நடுவயது கடந்தவர். கூட்டுநிதிக் காணொளிக்கு ஏற்ற முகம் அவருக்கில்லை. நோய் கண்ட பின் பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே வாழ்கின்றனர். சட்டைப் பொத்தான் போடுவது முதலில் தவறும், பிறகு சோற்றுக் கவளம், பிறகு சொல், பிறகு எச்சிலை விழுங்குவது, கடைசியில் மூச்சு. பலருக்கு நினைவு தெளிவாகவே இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, கொசு கடித்தால் தெரிகிறது, விரட்டத்தான் முடியாது. ரிலுசோல் என்ற மாத்திரை 1995 முதல் இருக்கிறது. அது கூட்டித் தருவது சில மாதங்கள். அதைவிட அதிகம் தருவது மூச்சுக்குத் துணைசெய்யும் முகமூடிக் கருவி. இங்கிலாந்தின் நியூகாஸிலில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், தொண்டைத் தசைகள் அதிகம் பாதிக்கப்படாதவர்களுக்கு அக்கருவி சுமார் 200 நாள் வாழ்வைக் கூட்டியது, தூக்கமும் மேம்பட்டது. மரபணு ஆய்வு நாளைய நோயாளிக்கு உரியது. இன்று படுத்திருப்பவருக்கு வேண்டியது பைபாப் கருவி, அதை இயக்க மின்சாரம், சளியை உறிஞ்சும் இயந்திரம், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க இரண்டு கைகள்.

ஐஸ் வாளியைப் பரப்பிய பீட் ஃபிரேட்ஸின் குடும்பமே வீட்டுப் பராமரிப்புச் செலவைத் தாங்க இயலாமல் திணறி, அதற்கென்று தனி நிதி தொடங்க வேண்டியதாயிற்று. 11.5 கோடி டாலரைத் திரட்டக் காரணமானவரின் படுக்கைக்கே இந்த நிலை.

இந்தியாவில் இந்தப் படுக்கை எந்தத் திட்டத்துக்குள் வருகிறது? ஆயுஷ்மான் பாரத் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறது, மருத்துவமனையில் சேர்ந்தால். சேர்வதற்கு முன் 3 நாள், வெளியேறிய பின் 15 நாள் வரையான செலவும் உண்டு. ஏ.எல்.எஸ். நோயாளியோ ஆண்டுக்கணக்கில் வீட்டில் கிடப்பவர். அவருடைய நோய் பதினாறாம் நாளில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வேறொரு கதவு. அதன் அட்டவணையில் நாள்பட்ட நரம்பியல் நிலைகளுக்கு எடுத்துக்காட்டாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்க்கின்சன் நோயும் பெயர் சொல்லப்பட்டுள்ளன. இந்நோயின் பெயர் இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் சான்றிதழ் பெறலாம் என்பார்கள். பெறலாம்தான். ஆனால் சதவீதம் என்பது ஒரு நாளின் அளவு. இந்நோயோ நாளுக்கு நாள் நகர்வது. மருத்துவக் குழு முன் நடந்து போனவர், அட்டை வீட்டுக்கு வரும்போது உட்காரவும் முடியாதவராக இருக்கக்கூடும்.

பராமரிப்பவர் யார் என்று கேட்டால் எல்லாரும் 'குடும்பம்' என்பார்கள். குடும்பம் என்ற பொதுப்பெயருக்குள் இருப்பவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் ஊதியமின்றி உழைத்தனர். ஆண்கள் 97 நிமிடம். ஒரு ஏ.எல்.எஸ். நோயாளி வீட்டுக்குள் வந்தால் அந்தக் கணக்கு எங்கே போகும்? கருவியின் எச்சரிக்கை ஒலிக்கு இரவில் மூன்றுமுறை எழுபவரின் விழிப்பைப் பற்றி எந்த விழிப்புணர்வு இயக்கமும் பேசுவதில்லை.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. பேச்சு போனபின் பலரிடம் எஞ்சுவது கண்ணசைவு. தெளிந்த பிளாஸ்டிக் பலகை ஒன்றில் எழுத்துகளைக் கூட்டம் கூட்டமாக எழுதி, இருவருக்கும் நடுவே பிடித்து, நோயாளி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எதிரிலிருப்பவர் கவனித்து எழுத்தெழுத்தாகச் சொல் கூட்டலாம். விலை மிகக் குறைவு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, வேலை எளிது. உயிர்மெய் வரிசைகள் கொண்ட தமிழுக்கும் தெலுங்குக்கும் வங்காளத்துக்கும் அதை அமைப்பது சற்றே யோசிக்க வேண்டிய காரியம்: உயிரையும் மெய்யையும் தனித்தனியே காட்டுவதா, அடிக்கடி வரும் எழுத்துகளை ஓரத்தில் வைப்பதா, 'தண்ணீர்', 'வலிக்கிறது', 'திருப்பிப் படுக்கவை' என்ற முழுச் சொற்களையே தருவதா என்பது போன்றவை. மொழியியல் துறையும் வடிவமைப்புக் கல்லூரியும் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி. ஆங்கிலம் அறியாத நோயாளி தம் மகளிடம் கடைசியாகச் சொல்ல நினைப்பது இதில்தான் தங்கியிருக்கிறது. இதைச் சவாலாக எடுத்துப் பரப்ப ஒரு நடிகருக்கும் தோன்றவில்லை.

'குறை மட்டும் சொன்னால் போதுமா, வழி என்ன' என்று கேட்பவர்களுக்குக் கோழிக்கோட்டைக் காட்டலாம். 1993-இல் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், சில ஆண்டுகளில் மருத்துவமனையை விட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு பகுதியிலும் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பயிற்சி பெற்றார்கள், செவிலியருடன் படுக்கை நோயாளிகளின் வீட்டுக்குப் போனார்கள். பணம் எங்கிருந்து வந்தது? கடைகளில் வைத்த உண்டியல், கூலித் தொழிலாளர் தந்த சில்லறை, மாணவர் திரட்டியது. புற்றுநோயாளிகள் மட்டுமன்றி, பக்கவாதத்தாலும் தண்டுவடக் காயத்தாலும் நரம்புச் சிதைவாலும் கிடப்பவர்களும் அதன் கீழ் வந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது; இந்தியாவில் முதல் மாநிலம் அதுவே. உள்ளாட்சிகள் வீட்டுப் பராமரிப்புக் குழுக்களை ஏற்றன. இதுவும் ஒரு சங்கிலிதான், ஒருவர் இன்னொருவரை அழைத்துவந்து சேர்த்த சங்கிலி. காணொளி இல்லாததால் உலகுக்குத் தெரியவில்லை.

கேரளமும் சொர்க்கம் அல்ல. படுக்கை நோயாளியை முழுநேரமும் பராமரிப்பவருக்கு அங்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் தரப்படுவது மாதம் 600 ரூபாய். நாளொன்றுக்கு 20 ரூபாய். ஒரு தேநீரும் ஒரு வடையும். ஆனாலும் பராமரிப்பு என்பது உழைப்பு, அதற்கு ஊதியம் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதே பல மாநிலங்கள் செய்யாத காரியம்.

'ஏழை நாட்டில் அரிய நோய்க்கு இவ்வளவு செலவா, முதலில் காசநோயைப் பாருங்கள்' என்ற எதிர்வாதம் எப்போதும் வரும். அதைச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பைபாப் கருவியும், சளி உறிஞ்சியும், காற்று மெத்தையும், பயிற்சி பெற்ற செவிலியரின் வாராந்திர வருகையும் ஏ.எல்.எஸ். நோயாளிக்கு மட்டும் உரியவை அல்ல. நுரையீரல் அடைப்பு நோயாளிக்கும், பக்கவாதம் கண்டவருக்கும், மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்த தொழிலாளிக்கும் அவையே வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் கருவிக் கிடங்கு ஒன்றிருந்து, வேண்டியவர் கடனாகப் பெற்று, தேவை முடிந்ததும் திருப்பித் தரலாம் என்றிருந்தால், ஒரே கருவி பல வீடுகளுக்குப் போகும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டம் வகுக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. அதே பிரிவின் தொடக்கத்திலேயே 'பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்ற பொருளில் ஒரு தொடரும் இருக்கிறது. கோப்புகள் நிற்பது அந்தத் தொடரில்தான். அடுத்த முறை ஏதேனும் ஒரு வாளி பரவும்போது, எந்த மாநிலத்தில் அந்தப் படி எவ்வளவு, எத்தனை பேருக்குக் கிடைக்கிறது, கடந்த ஆண்டு எத்தனை விண்ணப்பங்கள் திரும்பின என்று அந்தந்த மாநிலச் சமூகநலத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, வரும் பதிலை மூவருக்கு அனுப்பி, அவர்களையும் கேட்கச் சொல்லலாம். பல மாநிலங்களில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.